தண்ணீருக்குள் ஒரு கிளிக்! வாட்டர்புரூப் கேமரா வாங்கப் போகிறீர்களா?

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. பிரிண்டரும் வந்துவிட்டது. அடுத்து, லீவுக்கு வெளியூர் போகும்போது கையில் எடுத்துச் செல்ல ஒரு நல்ல கேமரா வேண்டும். அருவியில் நனைந்தாலும், கடலில் இறங்கினாலும், மழையில் மாட்டிக்கொண்டாலும் கெடாத கேமராவாக இருந்தால் இன்னும் நல்லது. இப்படி நினைப்பவரா நீங்கள்? இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

முதலில் நான் அசடு வழிந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2024 பிப்ரவரியில் ஆபீஸ் நண்பர்களுடன் அந்தமான் போயிருந்தேன். ஹேவ்லாக் தீவு, அதாவது 2018-லிருந்து ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாறிய தீவு. அங்கே எலிபெண்ட் பீச் என்ற கடற்கரையில் முகத்தில் கண்ணாடியும் வாயில் குழாயும் மாட்டிக்கொண்டு, மிதந்தபடியே பவளப்பாறைகளைப் பார்க்கலாம். இதற்கு ஸ்நார்கெலிங் என்று பெயர். கிளம்புவதற்கு முன் தென்காசியில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போய் அத்தானிடம் அவருடைய வாட்டர்புரூப் கேமராவை இரவல் வாங்கினேன். "10 மீட்டர் ஆழம் வரைக்கும் தாங்குமாம் மாப்ளே, தைரியமா கொண்டு போ" என்றார் அத்தான்.

உடம்பில் லைஃப் ஜாக்கெட். ஆகவே நான் அரை மீட்டர் ஆழத்துக்குக் கீழே போகவே இல்லை. காலையில் எல்லாம் நன்றாகத்தான் போனது. நடுவில் பேட்டரி தீர்ந்தது. கரைக்கு வந்து, ஈரக் கையோடு, மணலில் உட்கார்ந்தபடியே பேட்டரியை மாற்றினேன். கதவை மூடினேன். "டக்" என்று சத்தம் கேட்டது. மறுபடி கடலில் இறங்கினேன். ஐந்து நிமிடத்தில் லென்ஸுக்குள் பனி மூட்டம். அடுத்து திரைக்குள் ஒரு தண்ணீர்க் கோடு. அதன் பிறகு கேமரா கண் திறக்கவே இல்லை.

10 மீட்டர் தாங்கும் கேமரா அரை மீட்டர் தண்ணீரில் எப்படிச் செத்துப் போனது? ஹோட்டல் அறைக்கு வந்து கதவைத் திறந்து பார்த்தபோது விடை தெரிந்தது. ரப்பர் வளையத்தின் மேல் ஒரே ஒரு மணல் துகள்.

அத்தானுக்கு வேறு கேமரா வாங்கித் தரவேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. இந்த முறையாவது விஷயம் தெரிந்து வாங்குவோம் என்று மூன்று வாரம் உட்கார்ந்து படித்தேன். அப்போது கற்றுக்கொண்டதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வாட்டர்புரூப் என்றால் என்ன?

கேமராவின் உடம்பு முழுவதும் தண்ணீர் புகாதபடி செய்யப்பட்டிருக்கும். ஆனால் பேட்டரி போட, மெமரி கார்டு மாற்ற, சார்ஜ் செய்ய ஒரு கதவு வேண்டுமே! சில மாடல்களில் இரண்டு கதவுகள். இந்தக் கதவைச் சுற்றி ஒரு மெல்லிய ரப்பர் வளையம் ஓடும். கதவை மூடும்போது அந்த ரப்பர் நசுங்கி இடைவெளியை அடைத்துக்கொள்கிறது. வீட்டு பிரஷர் குக்கரின் கேஸ்கெட் போலத்தான். கேஸ்கெட்டில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தால் ஆவி வெளியே வருகிறதல்லவா? அதே போல ரப்பரில் ஒரு தலைமுடியோ மணல் துகளோ இருந்தால் தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஆழம் கூடக் கூட, தண்ணீரின் அழுத்தம் கதவை உள்நோக்கி அமுக்கி ரப்பரை இன்னும் இறுக்கவே செய்கிறது. 10 மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கூடுதலாக ஏறத்தாழ 1 கிலோ எடை அழுத்தும். உங்கள் கேமராவின் கதவு 4 சென்டிமீட்டர் நீளம், 3 சென்டிமீட்டர் அகலம் என்றால் 12 கிலோ அரிசிப் பையை அதன் மேல் வைத்தது போல. மேலோட்டமான தண்ணீரில் இந்த உதவி கிடையாது. ஆகவே "நான் ஆழத்துக்குப் போக மாட்டேன், எனக்கென்ன பயம்" என்று நினைக்காதீர்கள். அப்படி நினைத்தவன்தான் நான்.

ஐபி68: இந்த எண் என்ன சொல்கிறது?

கேமரா, போன், வாட்ச் எதை வாங்கினாலும் பெட்டியில் ஐபி67, ஐபி68 என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இது ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரத்தின்படி தரப்படும் மதிப்பெண். முதல் எண் தூசிக்கானது. அதில் 6 என்பதே உச்சம், அதாவது தூசி உள்ளே போகவே போகாது. இரண்டாவது எண் தண்ணீருக்கானது. அதன் விவரம் இதோ:

5, 6: குழாயிலிருந்து வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும்.
7: 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கியிருந்தாலும் தாங்கும்.
8: அதைவிடக் கடுமையான சோதனை. எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே சொல்ல வேண்டும்.

தூசிச் சோதனை பற்றி எதுவும் சொல்லாதபோது முதல் எண்ணின் இடத்தில் எக்ஸ் போட்டு ஐபிஎக்ஸ்8 என்று எழுதுவார்கள்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு சங்கதி இருக்கிறது. 8 வாங்கிய பொருள் 5, 6 சோதனைகளிலும் தானாகப் பாஸாகிவிட்டது என்று அர்த்தமில்லை. 7, 8 இரண்டும் அசையாத தண்ணீரில் மூழ்க வைத்துப் பார்க்கும் சோதனைகள். 5, 6 இரண்டும் வேகமாக மோதும் தண்ணீருக்கானவை. குற்றாலத்தில் மெயின் அருவிக்கு நேர் கீழே நின்றிருக்கிறீர்களா? முதுகில் யாரோ அடிப்பது போல் இருக்கும். அந்தத் தண்ணீர் மூழ்கும் தண்ணீர் இல்லை, மோதும் தண்ணீர். ஐபி68 போட்ட போனை அங்கே நீட்டுகிறீர்கள் என்றால், அது எழுதாத பரீட்சையின் மார்க்கைக் கேட்கிறீர்கள் என்று பொருள். கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு உயரத்திலிருந்து தண்ணீரில் குதிப்பதும் இப்படித்தான்.

இன்னொன்று, இந்தச் சோதனைகள் நல்ல தண்ணீரில் நடப்பவை. கடலின் உப்பு, நீச்சல் குளத்தின் குளோரின், உடம்பில் பூசும் சன்ஸ்கிரீன், எண்ணெய் எல்லாம் ரப்பரைச் சோதிப்பவை. அவற்றுக்கு இந்த எண் பொறுப்பேற்காது.

எத்தனை மீட்டர் தேவை?

வாட்டர்புரூப் கேமரா விளம்பரங்களில் பெரிதாக இருப்பது மீட்டர் எண்தான். 2006-ல் வந்த ஒலிம்பஸ் மியூ 720 எஸ்டபிள்யூ வெறும் 3 மீட்டர்தான் தாங்கும். அதன் பிறகு போட்டி தொடங்கி 10, 15, 25, 30 என்று எண் ஏறிக்கொண்டே போனது. நாமும் பெரிய எண்ணே நல்லது என்று நினைத்துவிடுகிறோம்.

உண்மையில் நமக்கு எவ்வளவு வேண்டும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அருவி, மழை, படகுச் சவாரி, நீச்சல் குளம்: 3 மீட்டருக்கு மேல் தேவையே இல்லை.
ஸ்நார்கெலிங்: மூச்சை அடக்கிக் கொஞ்சம் கீழே போய் வருபவருக்கும் 5 மீட்டர் தாராளம்.
சிலிண்டர் மாட்டி முதல்முறை முயன்று பார்க்கும் ஸ்கூபா: பாடி அமைப்பின் விதிப்படி அதிகபட்சம் 12 மீட்டர்.
அதே அமைப்பின் முதல்நிலைச் சான்றிதழ் பெற்றவர்: 18 மீட்டர்.

இதில் கடைசி வகை ஆள் நீங்கள் இல்லையென்றால், 15 மீட்டர் கேமராவுக்கும் 30 மீட்டர் கேமராவுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் போட்டோவில் தெரியப் போவதில்லை. அந்த 15 மீட்டருக்காகக் கூடுதல் காசு கொடுப்பதை விட, அடுத்து சொல்லப் போகும் விஷயத்தில் கவனம் வைப்பது நல்லது.

மீனின் சிவப்பு எங்கே போனது?

கடலுக்குள் எடுத்த போட்டோவைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பவர்கள் முதலில் ஏமாந்துபோவார்கள். நேரில் அழகாகத் தெரிந்த மீன், திரையில் நீலமும் பச்சையும் கலந்த சாம்பலாக இருக்கும். கேமராவில் குறை இல்லை. வெயிலின் வெளிச்சத்தில் எல்லா நிறங்களும் கலந்திருக்கின்றன. தண்ணீர் அவற்றில் சிவப்பைத்தான் முதலில் விழுங்குகிறது. ஐந்து மீட்டர் போவதற்குள் சிவப்பில் பெரும்பகுதி காணாமல் போய்விடும். அடுத்து ஆரஞ்சு, பிறகு மஞ்சள். கடைசி வரை தாக்குப்பிடிப்பது நீலம்.

நிறம் மட்டுமல்ல, மொத்த வெளிச்சமும் குறைகிறது. வெளிச்சம் குறைந்தால் கேமரா ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும், மீன் நகர்ந்து படம் கலங்கும். அல்லது ஐஎஸ்ஓ எண்ணை ஏற்றும், படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகும். ஆகவே நிறைய வெளிச்சத்தை உள்ளே விடும் லென்ஸ்தான் நமக்கு வேண்டும்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? லென்ஸில் எஃப்/2.0, எஃப்/3.9 என்று ஓர் எண் இருக்கும். இந்த எண் சிறியதாக இருந்தால் லென்ஸின் வாய் பெரிது. எஃப்/2.0 லென்ஸ், எஃப்/2.8 லென்ஸைப் போல இரண்டு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். எஃப்/3.9 உடன் ஒப்பிட்டால் ஏறத்தாழ நான்கு மடங்கு. இந்த எண் பெட்டியின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். மீட்டர் எண்ணோ பெரிய எழுத்தில் இருக்கும். நீங்கள் பொடி எழுத்தைப் படியுங்கள்.

சாதாரண டிஜிட்டல் கேமராவில் ஆன் செய்ததும் லென்ஸ் வெளியே நீளும். வாட்டர்புரூப் கேமராவில் அப்படி நீண்டால் அங்கே இன்னொரு ஓட்டை வந்துவிடும். அதனால் வெளிச்சத்தை ஒரு பட்டகத்தால் 90 டிகிரி திருப்பி, உடம்புக்குள்ளேயே படுக்க வைத்த லென்ஸ் வழியாக அனுப்புகிறார்கள். இதனால்தான் இவற்றில் ஜூம் 4, 5 மடங்கோடு நின்றுவிடுகிறது. இது குறை அல்ல. தண்ணீருக்குள் ஜூம் எதற்கும் உதவாது. நடுவில் இருக்கும் தண்ணீரில் மிதக்கும் தூசியெல்லாம் சேர்ந்து பெரிதாகத் தெரியும். பொருளுக்குப் பக்கத்தில் போவதுதான் ஒரே வழி.

மெகாபிக்ஸல் மாயை

16 மெகாபிக்ஸல், 20 மெகாபிக்ஸல் என்று சொன்னால் கை தானாக அந்தப் பெட்டியை எடுத்துவிடும். சற்றுப் பொறுங்கள். இந்தக் கட்டுரையில் நான் ஒப்பிடும் மாடல்கள் எல்லாவற்றிலும் சென்சாரின் அளவு ஒன்றுதான். அகலம் 6 மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், உயரம் நாலரை மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தை விடச் சிறியது. அதே இடத்தில் அதிகப் புள்ளிகளை நெருக்கினால் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறையும். ஒலிம்பஸ் 2015-ல் வந்த டிஜி-4 மாடலில் 16 மெகாபிக்ஸல் வைத்திருந்தது. 2017-ல் வந்த டிஜி-5-ல் அதை 12 ஆகக் குறைத்தது. விளம்பரத்துக்கு இடைஞ்சல்தான், ஆனால் படத்துக்கு நல்லது. 12 மெகாபிக்ஸல் படத்தை ஏ4 தாளில் பிரிண்ட் போட்டால் தாராளமாகவே போதும்.

ரா பைல்: கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கான வசதி

கேமரா வழக்கமாக ஜேபெக் என்ற வகை பைலில் படத்தைச் சேமிக்கும். அதாவது சமைத்துத் தட்டில் வைத்த சாப்பாடு. உப்பு கூடியிருந்தால் எடுக்க முடியாது. ரா பைல் என்பது சமைக்காத காய்கறி. சென்சார் பார்த்த விவரங்கள் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். நீங்கள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து உங்கள் விருப்பப்படி சமைத்துக்கொள்ளலாம். தண்ணீருக்குள் தொலைந்த சிவப்பை மீட்பதற்கு ரா பைல் பெரிய உதவி. அளவு மட்டும் ஜேபெக்கை விட இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். ரா பைலைத் திறக்க ராதெரபி, டார்க்டேபிள் போன்ற இலவச சாப்ட்வேர்கள் இருக்கின்றன.

ஜேபெக் படமே இருந்தாலும் ஓரளவு சரிசெய்யலாம். ஜிம்ப் என்ற இலவச சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். பிறகு இப்படிச் செய்யுங்கள்:

1. முதலில் படத்தை ஒரு காப்பி எடுத்து, அந்தக் காப்பியை ஜிம்ப்பில் திறங்கள். ஒரிஜினலில் கை வைக்க வேண்டாம்.
2. கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் என்பதைக் கிளிக் செய்யுங்கள்.
3. சேனல் என்ற இடத்தில் ரெட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மலை போல ஒரு வரைபடம் தெரியும். நீருக்கடியில் எடுத்த படத்தில் அந்த மலை இடதுபக்கமாக ஒதுங்கி, வலதுபக்கம் காலியாக இருக்கும். தொலைந்துபோன சிவப்பு அதுதான்.
4. வரைபடத்துக்குக் கீழே வலது ஓரத்தில் உள்ள வெள்ளை முக்கோணத்தை, மலை முடியும் இடம் வரை இடதுபக்கம் இழுங்கள்.
5. நிறம் திரும்புவது கண்ணெதிரே தெரியும். போதும் என்று தோன்றியதும் ஓகே கொடுங்கள். பிறகு பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் செய்து புதிய பெயரில் சேமியுங்கள்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இருக்கும் சிவப்பைத்தான் பெருக்க முடியும். ஆழத்தில் முழுவதுமாகத் தொலைந்த சிவப்பை எந்தச் சாப்ட்வேரும் கொண்டு வராது.

எந்தக் கேமரா?

இனி மாடல்களுக்கு வருவோம். ஒரு காலத்தில் எல்லாக் கம்பெனிகளும் இந்த வகைக் கேமராவைப் போட்டி போட்டுக்கொண்டு செய்தன. இப்போது பல மாடல்கள் நின்றுபோய், பழைய பொருளாக மட்டும் கண்ணில் படுகின்றன.

ஒலிம்பஸ் டிஜி-6, ஓஎம் சிஸ்டம் டிஜி-7: டிஜி-6 2019-ல் வந்தது. 2021-ல் ஒலிம்பஸின் கேமரா பிரிவு தனி நிறுவனமாகி, 2023-ல் ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் டிஜி-7 வந்தது. இரண்டும் 15 மீட்டர் ஆழம், 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அடி, மைனஸ் 10 டிகிரி குளிர் வரை தாங்குபவை. 12 மெகாபிக்ஸல். லென்ஸ் எஃப்/2.0-ல் தொடங்குகிறது. ரா பைல் உண்டு. பொருளுக்கு 1 சென்டிமீட்டர் பக்கத்தில் போய் எடுக்கும் மைக்ராஸ்கோப் மோடும் உண்டு. எறும்பின் கண்ணைக்கூட எடுக்கலாம். டிஜி-7-ல் யுஎஸ்பி-சி வந்திருக்கிறது, வேறு பெரிய மாற்றம் இல்லை. 15 மீட்டர் போதாதவர்கள் பிடி-059 என்ற தனி உறையை வாங்கி மாட்டினால் 45 மீட்டர் வரை போகலாம்.

ரிக்கோ டபிள்யூஜி-80: 2022-ல் வந்தது. 14 மீட்டர், 16 மெகாபிக்ஸல், எஃப்/3.5 லென்ஸ். லென்ஸைச் சுற்றி ஆறு எல்இடி விளக்குகள். பூச்சி, பூ போன்றவற்றைப் பக்கத்தில் போய் எடுக்க வசதி. ரா பைல் கிடையாது.

நிக்கான் கூல்பிக்ஸ் டபிள்யூ300: 2017-ல் வந்தது. 30 மீட்டர், 16 மெகாபிக்ஸல், எஃப்/2.8 லென்ஸ், 4கே வீடியோ. ரா இல்லை.

பானாசோனிக் லூமிக்ஸ் எஃப்டி7: 2018-ல் வந்தது. 31 மீட்டர், 20 மெகாபிக்ஸல், எஃப்/3.3 லென்ஸ். கண்ணை வைத்துப் பார்க்கும் சிறிய வியூபைண்டர் உண்டு. வெயிலில் திரை தெரியாமல் தவிப்பவர்களுக்கு நல்லது. ரா இல்லை.

ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்பி140: 2019-ல் வந்தது. 25 மீட்டர், 16 மெகாபிக்ஸல், எஃப்/3.9 லென்ஸ். ரா இல்லை.

கடைசி மூன்றும் பழைய பொருளாகக் கிடைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். பெட்டியில் இருக்கும் மீட்டர் எண் புது ரப்பருக்கானது. ஐந்தாறு வருடம் ஆன ரப்பருக்கு அது பொருந்தாது. செகண்ட் ஹேண்ட் கேமராவைத் தண்ணீருக்குள் கொண்டு போகும் எண்ணம் இருந்தால், ரப்பரை மாற்றித் தர ஆள் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் அதை மழைக்கும் தூசிக்குமான கேமராவாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

போன் போதாதா? ஆக்ஷன் கேமரா ஆகாதா?

நியாயமான கேள்விகள். மழையில் ஒன்றிரண்டு படம் எடுக்க ஐபி68 போன் போதும். கடலுக்குள் கொண்டு போக வேண்டாம். தண்ணீருக்குள் டச் ஸ்கிரீன் சொன்னபடி கேட்காது. சார்ஜ் போடும் துளை திறந்தே இருப்பதால் உப்பு படியும். ஐபி68 போட்ட போனுக்கும் தண்ணீரால் வரும் சேதம் வாரண்டியில் அடங்காது என்று ஆப்பிள் நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கேமரா போனால் கேமரா மட்டும்தான் போகும். போன் போனால் உங்கள் பேங்க், ஆபீஸ், மொத்த உலகமும் போகும்.

கோப்ரோ போன்ற ஆக்ஷன் கேமராக்கள் வீடியோவுக்குச் சிறந்தவை. 2016-ல் வந்த ஹீரோ5 பிளாக் முதல் தனி உறை இல்லாமலே 10 மீட்டர் வரை போகின்றன. ஆனால் அவை எல்லாவற்றையும் அகலமாகப் பார்ப்பவை. லென்ஸால் ஜூம் செய்ய முடியாது, பிளாஷ் கிடையாது. சிறிய பொருளைப் பக்கத்தில் போய் எடுக்கவும் ஏற்றவை அல்ல. பைக்கில் ஓடிக்கொண்டே வீடியோ எடுக்க ஆக்ஷன் கேமரா. நின்று நிதானமாகப் போட்டோ எடுக்க வாட்டர்புரூப் காம்பாக்ட் கேமரா.

மெமரி கார்டு கணக்கு

4கே வீடியோ நொடிக்கு 100 மெகாபிட் என்ற வேகத்தில் பதிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 மெகாபிட் சேர்ந்தால் 1 மெகாபைட். ஆக நொடிக்கு 12.5 எம்பி. ஒரு நிமிடத்துக்கு 750 எம்பி. 32 ஜிபி கார்டு ஏறத்தாழ 40 நிமிடத்தில் நிரம்பிவிடும். கார்டை மாற்றக் கதவைத் திறக்க வேண்டும். எங்கே? கடற்கரையில்! என் கதை ஞாபகம் இருக்கிறதா? அதனால் ஒரு நாளைக்குத் தேவையான அளவுக்குப் பெரிய கார்டாகவே காலையில் போட்டுவிடுங்கள். பேட்டரியையும் முழுவதுமாகச் சார்ஜ் செய்துவிடுங்கள். வெளியே இருக்கும் நேரத்தில் கதவைத் திறக்காமல் இருப்பதற்கு இவை இரண்டும்தான் வழி.

கேமரா நீண்ட நாள் உழைக்க

* பயணத்துக்கு முதல் நாள், கதவை மூடிய கேமராவை ஒரு வாளி நல்ல தண்ணீரில் சில நிமிடம் அமிழ்த்திப் பாருங்கள். கதவோரத்திலிருந்து சிறு குமிழிகள் தொடர்ந்து வந்தால் உடனே வெளியே எடுங்கள். அந்தக் கேமராவைத் தண்ணீருக்குக் கொண்டு போக வேண்டாம்.
* கதவை அறைக்குள், உலர்ந்த கையோடு மட்டும் திறங்கள். ஏசி அறை இன்னும் நல்லது. அங்கே காற்று உலர்ந்திருக்கும். ஈரமான கடற்காற்றை உள்ளே வைத்து மூடினால், குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் லென்ஸுக்குள் பனி மூட்டம் போடும்.
* மூடுவதற்கு முன் ரப்பரைச் சுற்றிலும் கண்ணால் பாருங்கள். நூல் பிரியாத மெல்லிய துணியால் துடையுங்கள். பூட்டு முழுவதும் விழுந்ததா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். "டக்" சத்தத்தை நம்பாதீர்கள்.
* கடலிலிருந்து வந்ததும், கதவைத் திறக்காமலேயே நல்ல தண்ணீரில் சிறிது நேரம் ஊற வையுங்கள். உப்பு கரைந்து போகும். பிறகு நிழலில் உலர்த்துங்கள்.
* வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள். வெந்நீர் ஊற்றுக்குக் கொண்டு போகாதீர்கள்.
* வருடத்துக்கு ஒருமுறை ரப்பரை மாற்றச் சொல்வார்கள். அதைச் செலவு என்று நினைக்காதீர்கள்.
* பெரும்பாலான கேமராக்கள் தண்ணீரில் கல் போல மூழ்கும். மிதக்கும் கைப்பட்டை ஒன்று வாங்கி மாட்டுங்கள். ஆரஞ்சு நிறம் என்றால் தேட எளிது.

எல்லாம் செய்தும் தண்ணீர் புகுந்துவிட்டால் உடனே ஆஃப் செய்து பேட்டரியையும் கார்டையும் வெளியே எடுங்கள். வேலை செய்கிறதா என்று ஆன் செய்து பார்க்காதீர்கள். கார்டை நல்ல தண்ணீரில் லேசாக அலசித் துடைத்து, ஒரு நாள் முழுக்க உலர விடுங்கள். பிறகு கார்டு ரீடரில் போட்டு, படங்களை உடனே கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்யுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். அன்று காலையில் எடுத்த படங்கள் அத்தனையும் கிடைத்தன. கேமரா கிடைக்கவில்லை.

கடைக்குப் போகும் முன் ஐந்து கேள்விகள்

1. நான் உண்மையில் எத்தனை மீட்டர் ஆழத்துக்குப் போவேன்?
2. லென்ஸின் எஃப் எண் என்ன?
3. ரா பைல் இருக்கிறதா? அதை உட்கார்ந்து சரிசெய்யும் பொறுமை எனக்கு இருக்கிறதா?
4. கதவு எத்தனை? பூட்டு எப்படி? ரப்பரை யார் மாற்றித் தருவார்கள்?
5. எனக்கு முக்கியம் போட்டோவா, வீடியோவா?

இந்தக் கேள்விகளை அத்தானிடம் கேட்டேன். "நான் எங்கே கடலுக்குப் போறேன் மாப்ளே? சீசனுக்குக் குற்றாலம், லீவுக்கு ராமேஸ்வரம், பிள்ளைங்களோட நீச்சல் குளம். அவ்வளவுதான்" என்றார். மூன்று மீட்டர் ஆள்! 30 மீட்டர் கேமரா அவருக்கு எதற்கு? மீட்டரை ஒதுக்கிவிட்டு லென்ஸைப் பார்த்தேன். டிஜி-7 வாங்கிக் கொடுத்தேன். கூடவே ஓர் ஆரஞ்சு கைப்பட்டையும், ரப்பர் துடைக்க ஒரு துணியும். அந்தத் துணியை வாங்கும்போது இது ஒன்று முன்பே என் பையில் இருந்திருந்தால் எவ்வளவு பணம் மிச்சமாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

போன சீசனில் குடும்பத்தோடு குற்றாலம் போயிருந்தோம். அருவிக்குக் கொஞ்சம் தள்ளி, சாரல் அடிக்கும் இடத்தில் நின்று அக்கா பிள்ளைகளைப் படம் எடுத்தோம். நடுவில் பேட்டரி தீர்ந்தது. நான் கையை நீட்டினேன்.

"நீ தொடாதே மாப்ளே. ரூமுக்குப் போய் நானே திறந்துக்கிறேன்" என்றார் அத்தான்.

வாட்டர்புரூப் கேமரா வைத்திருக்கும் தகுதி அவருக்கு வந்துவிட்டது!